மே/பா பெரிய வீடு

இருபத்தாறு வருஷம் ஒரு கிராமத்தில் கிளைத் தபால் நிலையம் நடத்தினேன். மனிதர்களைப் பற்றி அங்கே நான் தெரிந்துகொண்டது எதுவும் உறைக்குள் இருந்து வந்ததல்ல. பிறர் கடிதத்தைப் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்குக் கிடையாது. போஸ்ட் கார்டு வேறு விஷயம். அது திறந்து கிடக்கிறது, கண் தானாகப் போகும், அதற்கு நான் பொறுப்பில்லை. நான் ஒழுங்காக உட்கார்ந்து படித்ததெல்லாம் விலாசங்கள்தான். விலாசத்திலும் குறிப்பாக ஒரு வரி. பெயருக்குக் கீழே, ஊருக்கு மேலே, ‘மே/பா’ என்று தொடங்குமே, அந்த வரி.

மேற்பார்வை என்பதன் சுருக்கம் அது. இங்கிலீஷ் தெரிந்தவர்கள் ஒரு சி போட்டு, சாய்கோடு இழுத்து, பக்கத்தில் சின்னதாக ஓ போடுவார்கள். எப்படி எழுதினாலும் வாயால் சொல்லும்போது எல்லாருக்கும் ‘கேராப்’தான். ஆட்சி மாறி, ஆபீஸ்களில் தமிழ் வந்த பிறகு கட்சிக்கார இளைஞர்கள் இனி மே/பா என்றுதான் எழுதுவது என்று பிடிவாதமாக இருந்தார்கள். அதில் ஒருவர் என் மேஜைக்கு வந்து, தன் உறையில் யாரோ எழுதிக் கொடுத்திருந்த சி-ஓவை என் கண் முன்னாலேயே அடித்துவிட்டு, மே/பா என்று பெரிதாகத் திருத்தி, நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்துப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார். தபால்தலை ஒட்ட மறந்துவிட்டார்.

இத்தனை சின்ன வரி இத்தனை வேலை செய்யும் என்று அந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கல்யாணமாகிப் போன பெண்ணுக்குத் தாய் எழுதும் கடிதத்தில் மாமனார் பெயர் மே/பாவில் வரும். இரண்டு வருஷம் கழித்து அந்த இடத்தில் புருஷன் பெயர் வந்தால் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள் என்று அர்த்தம். பட்டாளத்துக்குப் போன பையன்கள் எல்லாருக்கும் ஒரு ராணுவத் தபால் நிலையத்தின் எண்தான் மே/பா. அவன் பனியில் நிற்கிறானா வெயிலில் நிற்கிறானா என்பதை அந்த எண் சொல்லாது. பினாங்கு, கொழும்பு என்று கடல் தாண்டிப் போனவர்களின் கடிதங்கள் அதிராம்பட்டினத்தில் ஒரு ஜவுளிக் கடையின் மே/பாவுக்கு வந்து, அங்கிருந்து ஆள் மூலம் எங்கள் ஊருக்கு வரும். அந்தக் கடைக்காரர் ஒரு கடிதத்தையும் தொலைத்ததில்லை. முகம் பார்த்திராத அந்த மனிதர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

பேச்சில் அது இன்னும் தாராளம். பெண் பார்க்க வந்தவர்கள் “பையனுக்கு இங்க கேராப் யாருங்க?” என்று கேட்பார்கள். சண்டையில் “கேராப் இல்லாத பய” என்று திட்டுவார்கள். எங்கள் ஊர்த் தலைமையாசிரியரைக் கோபத்துக்கு கேராப் அட்ரஸ் என்பார்கள். அவர் என் கணவர் என்பதால் அதை நான் மறுக்க முடியாது.

ஊர் அரசியலுக்கும் நான் பேப்பர் பார்த்ததில்லை. குடியானவர்களின் கடிதங்களில் முதலில் மிராசுதாரின் பெரிய வீடு மே/பாவாக இருந்தது. பிறகு டீக்கடை ஆனது. கூலிச் சண்டை முற்றிய வருஷத்தில் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் இருந்த விவசாயச் சங்கக் கொட்டகை ஆனது. அதற்கும் பிறகு ஆளும் கட்சிக் கிளைச் செயலாளரின் சைக்கிள் கடை. யார் செல்வாக்கு ஏறுகிறது, யாருடையது இறங்குகிறது என்று பையைக் கொட்டிப் பிரிக்கும்போதே தெரிந்துவிடும். காலையில் பத்தரை மணிக்கு சீர்காழி பஸ்ஸில் பை வரும். பதினொன்றுக்கு ஊர் நிலவரம் என் மேஜை மேல் இருக்கும்.

பெரிய வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் முக்கால்வாசி நன்செய் அவர்களுடையது. வடக்குக் கொல்லையில் பதினேழு கூரை வீடுகள் இருந்தன. பண்ணையில் வேலை செய்கிறவர்கள் தலைமுறையாக அங்கே குடியிருந்தார்கள். வீடு அவர்கள் கட்டியது, மனை மிராசுதாருடையது. அந்தத் தெருவுக்குள் தபால்காரர் போகிற வழக்கம் கிடையாது. போகக் கூடாது என்று எந்த ரூல் புத்தகத்திலும் இல்லை, ஆனால் போனதில்லை. அங்கே உள்ள எல்லாருக்கும் மே/பா பெரிய வீடு. கடிதங்கள் அங்கே போய்ச் சேரும். கணக்குப்பிள்ளை பிரித்துப் பார்த்துவிட்டு, மனம் வந்தபோது கொல்லை வாசலில் கூப்பிட்டுக் கொடுப்பார். ஒரு வாரமும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் வாயைத் திறந்ததில்லை. காரணம் சொல்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது: என் தபால் நிலையம் நடந்ததே பெரிய வீட்டின் வண்டிக் கொட்டகையை ஒட்டிய அறையில். வாடகை கிடையாது. கிளைத் தபால் நிலையத்துக்கு இடம் கொடுக்க வேண்டியது போஸ்ட் மாஸ்டரின் பொறுப்பு. இடம் இல்லாவிட்டால் வேலை இல்லை. எங்கள் வீட்டில் நாங்கள் படுக்கவே இடம் போதாது.

வடக்குக் கொல்லையில் ஒரு அம்மா இருந்தார். நடவு நடும் பெண்களுக்குத் தலைமை. எந்த வயலுக்கு எத்தனை பேர், யார் எந்தப் பக்கம் இறங்குவது, எப்போது கரையேறுவது என்பதெல்லாம் அவர் வாய்ச்சொல்லில் நடக்கும். குறுவை நடவில் அவர் வரிசை பிடித்து இறங்கினால், வரப்பில் நிற்கிற மிராசுதாரே குடையைச் சுருக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நிற்பார். புருஷன் இல்லை. ஒரே மகள், தஞ்சாவூரில் விடுதியில் தங்கி டீச்சர் டிரெய்னிங் படித்துக்கொண்டிருந்தாள். வாரம் ஒரு கார்டு போடுவாள். அம்மாவின் பெயர், அடுத்த வரியில் மே/பா பெரிய வீடு. அவளுக்கு வேறு விலாசம் தெரியாது, வேறு விலாசம் இருக்கவும் இல்லை.

கூலி உயர்வு கேட்டு அந்த அம்மா பெண்களை வயலில் இறங்காமல் நிறுத்திய வருஷம், நாற்று முற்றிக்கொண்டே போனது. நாற்றங்காலில் நாள் தள்ளத் தள்ள விளைச்சல் போய்விடும் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். பன்னிரண்டாம் நாள் பெரிய வீடு இறங்கி வந்தது. கேட்ட கூலியில் முக்கால் பங்குக்குப் பேச்சு முடிந்தது. நடவு நடந்தது. ஆனால் மிராசுதாருக்கு மனசு ஆறவில்லை. அந்த வாரம் பையில் வடக்குக் கொல்லைக்காரர்கள் பெயருக்கு ஒன்பது கடிதங்கள் வந்தன, சங்கத்தின் மாநாட்டு அழைப்பு. ஒன்பதிலும் மே/பா பெரிய வீடு. அவர் கையிலேயே போய் விழுந்தன.

“கொடி புடிக்கிறவனுக்கெல்லாம் நான் கேராப்பா?” என்று அவர் கத்தியது என் அறைக்குக் கேட்டது.

மறுநாள் கணக்குப்பிள்ளை ஒரு கடிதத்தோடு வந்தார். போஸ்ட் மாஸ்டர் அவர்களுக்கு. கீழ்க்கண்ட பதினேழு பேரும் எங்கள் மேற்பார்வையில் உள்ளவர்கள் அல்ல. எங்கள் வீட்டு மே/பா போட்டு இவர்களுக்கு வரும் தபால்களை இனி எங்களிடம் கொடுக்க வேண்டியதில்லை. அவரவர் குடிசையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துக்கொள்ளவும். கீழே பட்டியல்.

கணக்குப்பிள்ளையை நான் இங்கே பாராட்டியே ஆக வேண்டும். அவர் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். வாழ்நாள் முழுக்கப் பத்திரம் எழுதிய மனிதர். யார் எங்கே இருக்கிறார் என்று எழுதச் சொன்னால் செக்குபந்தி இல்லாமல் அவருக்கு எழுதத் தெரியாது. நாலு பக்க எல்லையையும் சொன்னால்தான் அவருக்கு ஒரு இடம் இடமாகும். எனவே பதினேழு பேருக்கும் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என்று எல்லை போட்டு, எத்தனை காலமாகக் குடியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதியிருந்தார். கடைசியில் மிராசுதாரின் கையெழுத்து, கோபத்தில் காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி அழுத்தி.

எனக்கு ஒரு பழக்கம், எந்தக் காகிதம் வந்தாலும் ஓரத்தில் தேதி முத்திரையைக் குத்திவிடுவேன். அதற்கும் குத்தினேன். ஃபைலில் கோத்தேன். தபால்காரரைக் கூப்பிட்டுப் பட்டியலைக் காட்டினேன். அவர் காக்கிச் சட்டையோடு அன்றைக்குத்தான் முதல் தடவையாக வடக்குக் கொல்லைக்குள் போனார். திரும்பி வந்து, “அம்மா, தெருவே வாசல்ல வந்து நின்னுடுச்சு. எதோ ஜப்திக்கு வந்திருக்கேன்னு நெனச்சுட்டாங்க” என்றார். அதற்குப் பிறகு தினமும் போனார். கடிதம் இல்லாத நாளிலும் அந்த வழியாகத்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார் என்று நினைக்கிறேன்.

ஒரு வருஷமோ, கொஞ்சம் மேலேயோ ஆகியிருக்கும். குடியிருப்புச் சட்டம் வந்தது. சட்டத்தில் ஒரு நாள் குறித்திருந்தார்கள். அந்த நாளில் விவசாயத் தொழிலாளி ஒருவர் பிறர் மனையில் வீடு கட்டிக் குடியிருந்தால், அந்த மனை அவருக்கே சொந்தம். பட்டா கொடுக்கத் தாசில்தார் விசாரணைக்கு வந்தார். பதினாறு மனைகளுக்குப் பெரிய வீடு தகராறு செய்யவில்லை. செய்தாலும் நிற்காது என்று வக்கீல் சொல்லியிருப்பார். மீதி ஒன்றுக்கு மட்டும் ஆட்சேபணை. அது நடவுக்கார அம்மாவின் மனை. பஸ் போகும் ரோட்டை ஒட்டியது. அதோடு, பெண்களைக் கரையேற்றி நிறுத்தியவர் அவர்.

அது வீடே இல்லை, வைக்கோல் போட்டு மாடு கட்டுகிற கொட்டகை என்றார்கள். அந்த அம்மா பெரிய வீட்டின் பின்கட்டில் தங்கி வேலை செய்தவர், சட்டம் வந்த பிறகு சங்கத்துக்காரர்கள் அவரைக் கொட்டகையில் கொண்டுவந்து குடியேற்றினார்கள் என்றார்கள். அந்த அம்மா தன் மகளின் கார்டுகளைக் கட்டாகக் கட்டிக் கொண்டுபோய்க் காட்டினார். பழைய கார்டுகள், சட்டத்துக்கு முந்தியவை. வக்கீல் ஒன்றை எடுத்து நிதானமாக வாசித்தார். “மே/பா பெரிய வீடு. நாங்க சொல்றதும் இதைத்தானே?” என்றாராம். மற்ற பதினாறு குடும்பங்களும் சாட்சி சொல்ல எழுந்தபோது, அவர்களெல்லாம் ஒரே சங்கம் என்று தள்ளிவிட்டார். மேலத்தெருவிலிருந்து ஒருவரும் சாட்சிக்குப் போகவில்லை. என் தெருதான் அது. தாசில்தார் பதினைந்து நாள் தவணை கொடுத்து, வேறு ஆதாரம் இருந்தால் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போனார். இல்லாவிட்டால் மனை போனது போனதுதான். வீட்டைப் பிரித்துக்கொண்டு போக வேண்டும்.

இதை மத்தியானச் சாப்பாட்டில் என் கணவர் சொன்னார். எனக்குச் சட்டென்று கணக்குப்பிள்ளை கொண்டுவந்த அந்தக் கடிதம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வந்தது. வந்ததும் நான் மோர் ஊற்றிக்கொண்டு பேச்சை மாற்றினேன்.

மூன்றாம் நாள் பை கட்டி அனுப்பிய நேரத்தில் அந்த அம்மா வந்தார். கொட்டகை வாசலில் நின்றார். உள்ளே வருகிற வழக்கமில்லை.

“தபாலம்மா, ஒங்ககிட்ட ஒரு காயிதம் இருக்குங்க. எங்களுக்கு கேராப்பு வேணாம்னு பெரிய வீட்ல எழுதிக் குடுத்தாங்கல்ல, அது.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?” என்றேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அன்று வரைக்கும் அவரை நான் ஒருமையில்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், ஊர் வழக்கம் என்று.

“தபால்காரரு மொத மொதல்ல தெருவுக்குள்ள வந்தப்பவே கேட்டேன். ஏங்க இவ்ளோ தூரம் நடந்து வர்றீங்கன்னு. பெரிய வீட்ல எழுதியே குடுத்துட்டாங்க, ஒவ்வொருத்தர் வீடும் எங்க இருக்குன்னு வெவரமா இருக்குன்னு சொன்னாரு. அப்பலேருந்து மனசுல கெடக்கு. அது பத்தரமா இருக்குங்களா?”

படிக்கத் தெரியாதவர். பார்த்தே இராத ஒரு காகிதத்தை, அதில் என்ன இருக்கும், எப்போது உதவும் என்று கணக்குப் போட்டு ஒரு வருஷமாக மனதில் வைத்திருந்திருக்கிறார். அதை எழுதிய வீட்டுக்கு மறந்துபோயிருந்தது. கோத்து வைத்த எனக்கோ மறந்துபோனால் தேவலை என்றிருந்தது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “இருக்கு. நானே வந்து தாசில்தார்ட்ட குடுக்கறேன். நானே சொல்றேன்” என்றேன். சொல்லி முடிக்கும்போதே வேண்டாம் என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்று உள்ளூர இருந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அறையைப் பார்த்தார். மேஜை, தராசு, சுவரில் பெரிய வீட்டு மாட்டுச் சேணம் தொங்கிய ஆணிகள்.

“வேணாங்க. நீங்களா எடுத்துக்கிட்டு வந்தீங்கன்னா, நாளைக்கு இந்த ரூமு ஒங்களுக்கு இருக்காது. எம் பொண்ணு லீவுல வந்திருக்கு. அத விட்டு தாசில்தாருக்கு மனு எழுதச் சொல்றேன், தபால் ஆபீசுல இந்த மாதிரி ஒரு காயிதம் இருக்கு, வரவழைங்கன்னு. அவரு ஒங்க மேலாபீசுக்கு எழுதட்டும். ஆர்டர் வந்தா நீங்க குடுத்துத்தான ஆவணும்? ஒங்க மேல யாரு குத்தம் சொல்ல முடியும்? அது வரைக்கும் அத யாரும் எரிச்சுடாமப் பாத்துக்குங்க. அது போதும்.”

போகப் போவது அவருடைய வீடு. தவணையில் மூன்று நாள் போய்விட்டது. அந்த நிலையில் நின்றுகொண்டு அவர் என் அறையைக் காப்பாற்ற வழி யோசித்திருக்கிறார். பள்ளி இறுதி வரை படித்து, ரூல் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு அந்த வழி தோன்றவில்லை. அவரிடம் நான் கற்றது சாமர்த்தியம் என்று சொன்னால் போதாது. அவர் பெரிய மனுஷி. அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம்; “உள்ள வந்து உக்காருங்க” என்றுதான் சொல்ல வந்தது. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவர் திரும்பி வரவில்லை. நடவு இருந்தது.

தவணை முடிய ஐந்து நாள் இருக்கும்போது கணக்குப்பிள்ளை வந்தார். ஸ்டாம்பு வாங்க வந்தவர் வாங்காமல் நின்றார்.

“பழைய காயிதமெல்லாம் எரிச்சுடுவீங்கள்ல? இத்தன நாள்தான் வெச்சிருக்கணும்னு ரூல் உண்டுல்ல?”

“இன்ஸ்பெக்டர் வந்து பாத்துட்டுத்தான் எரிக்கணும். அவர் இன்னும் வரலீங்க” என்றேன். அது உண்மைதான்.

அவர் தலையாட்டினார். பெரிய வீட்டில் அவருக்கு மட்டும் நினைவு இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. மிராசுதாரிடம் போய்ச் சொல்லியிருந்தால் அன்று சாயந்திரமே அந்த ஃபைலுக்கு ஏதாவது நடந்திருக்கும். அவர் சொல்லவில்லை. ஏன் என்று நான் கேட்டதுமில்லை. தன் கையெழுத்தை எரிக்க மனசு வரவில்லையோ என்னவோ.

மேலாபீசிலிருந்து உத்தரவு வந்தது. பள்ளிக்கூடத்து வராந்தாவில் விசாரணை. ஆஜராகச் சொல்லியிருந்தார்கள், ஃபைலோடு போனேன். தாசில்தார் கடிதத்தை வாங்கி, தேதி முத்திரையைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். சட்டம் வருவதற்கு முந்திய தேதி. பிறகு சத்தமாகப் படித்தார்.

“நாலாவது. நடவு வேலை பார்க்கும் இன்னார். எங்கள் வடக்குக் கொல்லையில், பஸ் ரோட்டுக்குக் கிழக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு, எங்கள் களத்துக்கு மேற்கு, இரட்டைப் பனைக்கு வடக்கு, இதற்குள்பட்ட மனையில் கூரை வீடு கட்டி, மகளுடன் நெடுநாளாகக் குடியிருந்து வருபவர்.”

“இது யார் எழுதினது?” என்று தாசில்தார் கேட்டார்.

கணக்குப்பிள்ளை எழுந்து நின்றார். “எங் கையெழுத்துங்க” என்றார். குரல் தாழ்ந்திருந்தாலும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

மிராசுதார் பொறுக்க மாட்டாமல், “கேராப் வேணாம்னுதாங்க எழுதினேன். மனை குடுக்கறேன்னா எழுதினேன்?” என்றார்.

“குடுக்கறது சட்டம்ங்க. அவங்க எங்க இருந்தாங்கன்னு நீங்க சொன்னாப் போதும். சொல்லியிருக்கீங்க” என்றார் தாசில்தார். நாலு பக்க எல்லையும் தயாராக இருந்ததால் அளக்க வந்தவருக்கும் வேலை மிச்சம். மனை அந்த அம்மாவுக்கு ஆனது.

என் அறை போனது. உத்தரவு வந்ததால்தான் கொடுத்தேன் என்பது எல்லாருக்கும் தெரியும், மிராசுதாருக்கும் தெரியும். அதனால் கொஞ்சம் மரியாதையாகவே சொன்னார், கொட்டகையை இடித்துக் கட்டப்போகிறோம், ஒரு மாதத்தில் காலி செய்துகொள்ளுங்கள் என்று. கொட்டகையை இன்று வரை இடிக்கவில்லை. நான் என் தெருவில் நாலு வீடு ஏறி இறங்கினேன். ஒரு வீட்டில் காப்பி கொடுத்தார்கள். இடம் யாரும் கொடுக்கவில்லை. மூன்று வாரம் ஓடியது. இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டார், இடம் காட்டாவிட்டால் கிளையை அடுத்த ஊருக்கு மாற்றுவதாக.

அந்த அம்மா பட்டா கிடைத்ததும் முதல் வேலையாகக் கூரையைப் பிரித்து, மண்சுவர் எழுப்பி, நாட்டு ஓடு போட்டிருந்தார். முன்பக்கம் ரோட்டைப் பார்த்து ஒரு அறை.

“முன்ரூமு சும்மாதாங்க கெடக்கு. வந்து பாருங்க. ஒங்களுக்கு ஒத்து வந்தா வெச்சுக்குங்க” என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன். இரண்டு நாள் யோசித்தேன். தெரு என்ன சொல்லும், சொந்தம் என்ன சொல்லும் என்று யோசித்தேன். கோபத்துக்கு கேராப் அட்ரஸான என் கணவர், “எனக்கு ஸ்கூலுக்குப் போற வழிதான், சைக்கிள்ல கொண்டு விட்டுடறேன்” என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. மூன்றாம் நாள் மேஜையும் தராசும் தபால் பெட்டியும் மாட்டு வண்டியில் போயின. பெட்டியை நடவுப் பெண்கள் நாலு பேர் இறக்கி மாட்டினார்கள். பெயர்ப் பலகையைத் தபால்காரர் ஆணி அடித்து மாட்டினார்.

மேலத்தெருவிலிருந்து ஒரு வாரம் ஒருவரும் வரவில்லை. ஸ்டாம்பு வாங்க சீர்காழி வரை பஸ்ஸில் போனார்கள். எட்டாம் நாள் ஒருவர் வந்தார், அவசரத் தந்தி. அப்புறம் எல்லாரும் வந்தார்கள். அந்த அம்மா வயலிலிருந்து வந்தால் கால் கழுவிக்கொண்டு பின்வாசல் வழியாகத்தான் தன் வீட்டுக்குள் போவார், ஆபீஸ் நேரத்தில் முன்வாசலில் சேறு படக் கூடாது என்று.

இரண்டு மாதம் போயிருக்கும். கணக்குப்பிள்ளை இரண்டு உறைகளோடு வந்தார், இரண்டும் ரிஜிஸ்தர் செய்ய. ஒன்று மேல் அதிகாரிக்கு. பட்டாவை ரத்து செய்யக் கேட்டு மேல்முறையீடு. இன்னொன்று அதன் நகல், எதிர்தரப்புக்கு முறைப்படி அனுப்ப வேண்டியது. அந்த மேல்முறையீடு பிறகு தள்ளுபடியாகிவிட்டது. இப்போது சொல்ல வந்தது அதைப் பற்றி அல்ல.

அந்த அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். கணக்குப்பிள்ளை எதற்காக வந்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். ஸ்டூலை எடுத்துப் போட்டார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வெயிலில் நடந்து வந்த மனிதர் சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு எடுத்துக் குடித்தார். நான் எடை போட்டு, நம்பர் ஒட்டி, முத்திரை குத்தி, ரசீது எழுதினேன்.

“ரசீத மறந்துடாதீங்கய்யா. நாளைக்கு கேஸுல கேப்பாங்க” என்றார் அந்த அம்மா.

அந்த அம்மாவின் வாசலிலேயே வைத்துப் பதிவு செய்த உறையென்றாலும் அங்கேயே அவர் கையில் கொடுத்துவிட முடியாது. ரூல் உண்டு. அது பையில் ஏறி, பஸ்ஸில் சீர்காழி போய், அங்கே முத்திரை வாங்கி, மறுநாள் பத்தரை பஸ்ஸில் திரும்பி வந்தது. தபால்காரர் அதை எடுத்துக்கொண்டு ஆறடி நடந்து போய்க் கொடுத்தார். மகள் சொல்லிக்கொடுத்திருந்த கையெழுத்தைப் போட்டு வாங்கிக்கொண்டு, அந்த அம்மா என் மேஜைக்கு வந்தார்.

நான் பிரிக்கக் கையை நீட்டினேன்.

“பிரிக்காதீங்க. மேல என்ன எழுதியிருக்கு?”

படித்தேன். அவர் பெயர். அவருடைய அப்பா பெயர். மனை எண். வடக்குத் தெரு. ஊர், வட்டம்.

“நடுவுல?”

“நடுவுல ஒண்ணும் இல்லீங்க.”

“பெரிய வீட்டுப் பேரு?”

“இல்லீங்க.”

“அவங்களே எழுதினதுதான?”

“கணக்குப்பிள்ளை கையெழுத்து.”

அவர் உறையை வாங்கி, எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என்னிடமே திருப்பிக் கொடுத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“இன்னொரு தடவ படிங்க” என்றார்.

படித்தேன். உறைக்குள் அந்த மனையை அவரிடமிருந்து பிடுங்கித் தரச் சொல்லி நாலு பக்கம் இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து அதைப் படிக்கலாம் என்று சொல்லிவிட்டார்.